கையெழுத்துப் போட மறுத்த இருவர்

மான நஷ்ட விவகாரங்களில் பெரும்பாலானவை கோர்ட்டு வாசலைப் பார்ப்பதே இல்லை. வக்கீல் நோட்டீஸோடு வேலை முடிந்துவிடும். மதுரையில் ஒரு சிவில் வக்கீலிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நோட்டீஸை டைப் அடித்து, ஒப்புகை அட்டை இணைத்து, பதிவுத் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு. “இது கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் இரண்டு வகையிலும் நடவடிக்கை எடுக்கப்படும்.” இந்த வாசகம் மாறாது. தொகை மட்டும் மாறும். கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்குகிறது என்று கலெக்டருக்கு மனுப் போட்டவர், கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி சுவரொட்டி ஒட்டியவர் என்று யாராவது அந்தத் தபாலைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். சொன்னது உண்மைதான் என்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது, கோர்ட்டுக்கு நடக்க முடியாது என்பார்கள். வருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கடிதத்துக்கு வழக்கு எண் கிடையாது. எந்தப் பதிவறையிலும் அது இருக்காது.

வழக்கைக் காட்டி வாயை அடைக்கும் இந்த வழக்கத்துக்கு வரலாறு எழுதுவது கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பலித்த மிரட்டல் தடயம் விடுவதில்லை. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால்தான் வழக்குக் கட்டு உருவாகிறது, சாட்சி கூண்டில் ஏறுகிறார், தீர்ப்பு எழுதப்படுகிறது. அப்படி மறுத்தவர்களில் லண்டனைச் சேர்ந்த இருவரின் கட்டுப்போல முழுமையான இன்னொன்றை நான் படித்ததில்லை. ஹெலன் ஸ்டீல் தோட்ட வேலை பார்த்தவர். டேவ் மாரிஸ் தபால் ஊழியராக இருந்தவர். எதிரே வாதியாக நின்றது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம். ‘மெக்லைபல்’ என்று உலகம் அறிந்த வழக்கு அது.

1986இல் லண்டன் கிரீன்பீஸ் என்ற சின்னக் குழு ஆறு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டது. பெயர் ஒத்திருந்தாலும் சர்வதேச கிரீன்பீஸ் அமைப்புக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மெக்டொனால்ட்ஸில் என்ன தவறு என்று தலைப்பிலேயே கேட்டது அந்தப் பிரசுரம். மாட்டிறைச்சிக்காக மழைக்காடுகள் அழிகின்றன, அந்த உணவு உடம்புக்குக் கெடுதல், விளம்பரங்கள் குழந்தைகளைக் குறிவைக்கின்றன, கோழிகளும் பன்றிகளும் வதைபடுகின்றன, ஊழியர்களுக்குக் கூலி குறைவு, தொழிற்சங்கம் தலையெடுக்க விடுவதில்லை என்று அடுக்கியது. கடை வாசலில் நின்று இதைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

நிறுவனத்துக்கு இதைக் கையாளும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. எண்பதுகளில் பிரிட்டனின் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், தொழிற்சங்கத்தினர் என்று விமர்சித்த பலருக்கும் அவதூறு நோட்டீஸ் போயிருக்கிறது. பலர் வருத்தம் தெரிவித்துவிட்டு நகர்ந்தார்கள். பெரிய பத்திரிகைகளே ஒதுங்கிக்கொண்ட இடத்தில், வாராவாரம் கூடிப் பேசும் ஒரு சிறு குழு எம்மாத்திரம்?

ஆனால் இந்தக் குழு பதிவு செய்யப்பட்ட சங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. வழக்குப் போட ஆள் வேண்டும். பிரதிவாதியின் பெயரும் விலாசமும் இல்லாமல் பிராது நிற்காது. இது எந்த குமாஸ்தாவுக்கும் தெரிந்த பாலபாடம். அந்தப் பெயர்களையும் விலாசங்களையும் சேகரிக்க நிறுவனம் இரண்டு துப்பறியும் ஏஜென்சிகளை அமர்த்தியது. ஏழு பேர் ஆர்வலர்களைப்போலக் கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தார்கள். சில நாட்களில் குழுவின் சொந்த ஆட்களுக்குச் சமமாக உளவாளிகள் இருந்திருக்கிறார்கள். குழுவுக்கு வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள், வீடுவரை பின்தொடர்ந்தார்கள். நம்பிக்கை பெறுவதற்காகத் தாங்களே பிரசுரத்தைக் கொடுத்தும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் பின்னாளில் மனம் பொறுக்காமல் பிரதிவாதிகள் தரப்பில் சாட்சி சொன்னார்.

1990 செப்டம்பரில் ஐந்து பேருக்கு சம்மன் வந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். மூன்று பேர் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் மேசைக்கு முன்னால் அதே கையெழுத்தைப் போட்டவர்களின் கை நடுங்கியதைப் பார்த்தவன் நான். ஸ்டீலும் மாரிஸும் மறுத்தார்கள்.

என்ன துணிவில் மறுத்தார்கள் என்பதைவிட, எவ்வளவு இல்லாமையில் மறுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்டீலுக்கு அப்போது மதுக்கடையில் பகுதிநேர வேலை. வாரத்துக்கு அதிகபட்சம் 65 பவுண்டு. மாரிஸ் சின்னப் பையனைத் தனியாக வளர்க்கும் தகப்பன். அரசு உதவித்தொகையில் குடும்பம் ஓடியது. 1995இல் மட்டும் மெக்டொனால்ட்ஸின் உலக விற்பனை சுமார் 3,000 கோடி டாலர். இங்கிலாந்தில் அப்போது அவதூறு வழக்குக்கு இலவசச் சட்ட உதவி கிடையாது. அந்நாட்டு அவதூறுச் சட்டத்தில் சொன்னது பொய் என்று வாதி நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னவர்தான் ஒவ்வொரு வரியும் உண்மை என்று சாட்சியோடு காட்ட வேண்டும். தென் அமெரிக்கக் காட்டில் நடந்ததையும், கறிக்கூடத்தில் கோழி எப்படிச் சாகிறது என்பதையும், கொழுப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பையும் ஒரு தோட்டக்காரியும் ஒரு தபால்காரரும் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்!

ஜூரி வேண்டும் என்று கேட்டார்கள். விஞ்ஞான விஷயங்கள் சாதாரண மக்களுக்குப் புரியாத அளவுக்குச் சிக்கலானவை என்று அந்த உரிமையும் மறுக்கப்பட்டது. சாதாரண மக்களுக்காக எழுதிய பிரசுரத்தைப் பற்றிய வழக்கில், சாதாரண மக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஆயிற்று. நீதிபதி பெல் ஒருவரே விசாரித்தார். நிறுவனத்துக்காக ரிச்சர்ட் ராம்ப்டன் என்ற மூத்த வழக்கறிஞர் தலைமையில் ஒரு படையே வாதாடியது. இவர்கள் இருவரும் தங்கள் வழக்கைத் தாங்களே நடத்தினார்கள். பின்னால் பிரிட்டனின் பிரதமரான கியர் ஸ்டார்மர், அப்போது இளம் வழக்கறிஞர், கூலி வாங்காமல் வெளியில் இருந்து யோசனை சொல்லிக்கொடுத்தார்.

1994 ஜூன் 28இல் விசாரணை தொடங்கி 1996 டிசம்பர் 13இல் முடிந்தது. 313 அமர்வு நாட்கள். 130 சாட்சிகள் நேரில் வந்து சொன்னார்கள். 59 பேர் இவர்கள் தரப்பு, 71 பேர் நிறுவனத் தரப்பு. ஆவணங்கள் சுமார் 40,000 பக்கம். விசாரணையில் பேசியதன் எழுத்து வடிவம் மட்டும் சுமார் 20,000 பக்கம். இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் அதுவரை இத்தனை நாள் நடந்த விசாரணை வேறு கிடையாது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த எண்களில் தெரிவது உடம்பு உழைப்பு. சாட்சிக்குக் கடிதம் எழுத வேண்டும், பயணச் செலவு திரட்ட வேண்டும், கட்டைச் சுமக்க வேண்டும், இரவில் படித்துவிட்டுக் காலையில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்க வேண்டும். இதையெல்லாம் இருவர் செய்தார்கள். இதில் என் நெஞ்சில் தைத்தது நகல் விவகாரம்தான். அன்றாட விசாரணையை எழுத்தில் எடுத்துத் தர நாளுக்குச் சுமார் 750 பவுண்டு ஆகும். நிறுவனம் பணம் கட்டி வாங்கியது. ஆரம்பத்தில் இவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தது. பிறகு ஒரு நிபந்தனை வைத்தது: கோர்ட்டில் பேசியதை வெளியில் பரப்ப மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இவர்கள் மறுத்தார்கள். 1995 ஜூலை 3 முதல் பிரதி நின்றது. அதன்பின் மக்கள் தந்த நன்கொடையில், சாட்சி சொல்லி 25 நாள் கழித்து, குறைந்த விலைக்கு நகல் வாங்கிப் படித்தார்கள். நேற்றைய சாட்சி என்ன சொன்னார் என்பது கையில் இல்லாமல் இன்றைய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எவ்வளவு பெரிய தண்டனை என்பது கோர்ட்டில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனத்தின் மேலதிகாரிகள் அமெரிக்காவில் இருந்து வந்து சமாதானம் பேசினார்கள். இருவரும் தங்களுக்கென்று எதுவும் கேட்கவில்லை. இனி விமர்சிப்பவர்கள் மீது வழக்குப் போட மாட்டோம் என்று உறுதி தரவேண்டும், முன்பு மிரட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். சமாதானம் அங்கேயே முறிந்தது. தாங்கள் தப்புவது பெரிதில்லை, அடுத்தவன் வாய் திறக்க வழி இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இவர்கள்.

1997 ஜூன் 19இல் தீர்ப்பு வந்தது. 762 பக்கம். பிரசுரம் சொன்ன மழைக்காடு அழிவும் மூன்றாம் உலகப் பட்டினியும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, 60,000 பவுண்டு இழப்பீடு விதித்தார் நீதிபதி. ஆனால் அதே தீர்ப்பில் வேறு சில வரிகளும் இருந்தன. இந்த நிறுவனம் விளம்பரத்தால் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. சில விலங்குகள் படும் கொடுமைக்குப் பொறுப்பாளி. குறைந்த கூலி தந்து பிரிட்டனின் உணவுத் தொழிலில் கூலியையே கீழே இழுக்கிறது. தன் உணவின் சத்தைப் பற்றி விளம்பரங்களில் மிகைப்படுத்திச் சொன்னது. கோடிகளைக் கொட்டி வழக்குப் போட்ட நிறுவனம், தன்னைப் பற்றிய இந்த வரிகளை ஒரு நீதிபதியின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு போனது. ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று கோர்ட்டு வாசலில் சொல்வார்கள். இங்கே ஜெயித்தவன் தோற்றது உண்மை. தோற்றவர்கள் மறுபடியும் கடை வாசலில் நின்று அதே பிரசுரத்தைக் கொடுத்தார்கள்.

மேல்முறையீட்டில், 1999 மார்ச் 31இல், இழப்பீடு 40,000 பவுண்டாகக் குறைந்தது. அந்த உணவை அதிகம் சாப்பிட்டால் இதயநோய் அபாயம் உண்டு என்பதும், ஊழியர் நிலை பற்றிச் சொன்னது நியாயமான கருத்து என்பதும் இவர்களுக்குச் சாதகமாகச் சேர்ந்தன. நிறுவனம் அந்தப் பணத்தைக் கேட்டு வசூலிக்கவே இல்லை. மான நஷ்டம் என்று வழக்குப் போட்டவருக்கு நஷ்ட ஈடு தேவைப்படவில்லை என்றால், முதலிலேயே எதற்காக அந்த வழக்கு?

அதோடு விட்டுவிடாமல் இருவரும் பிரிட்டன் அரசின் மீதே ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2005 பிப்ரவரி 15இல் அந்த நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்ட உதவி மறுத்ததால் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, பேச்சுரிமையும் மீறப்பட்டது. சிறு குழுக்களும் பொது விவாதத்தில் பங்கெடுத்தாக வேண்டும், பெரிய நிறுவனங்களின் நடத்தை மக்கள் பேச வேண்டிய விஷயம் என்றது. சம்மன் வந்து பதினான்கு வருடத்துக்கும் மேல் கழித்துக் கிடைத்த நியாயம்.

கதை அங்கேயும் முடியவில்லை. அந்தக் குழுவுக்குள் நிறுவனத்தின் ஆட்களோடு போலீசின் ரகசிய ஆட்களும் இருந்தது பின்னால் வெளிவந்தது. ஆர்வலராக வேடமிட்ட பாப் லாம்பர்ட் என்ற போலீஸ்காரர் அந்தப் பிரசுரத்தை எழுதியவர்களில் ஒருவர் என்று 2013இல் தெரியவந்தது. வழக்கு ஆரம்பமான காலத்தில் ஸ்டீலோடு வாழ்ந்துவிட்டுத் திடீரென்று காணாமல்போன துணைவர் ஜான் டைன்ஸும் ரகசியப் போலீஸ்காரர்தான். அவர் ஸ்டீலிடம் சொல்லியிருந்த பெயர்கூட இறந்துபோன ஒரு குழந்தையின் பெயர். 2015இல் லண்டன் போலீஸ் ஸ்டீல் உள்பட ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக ஒரு பெண்ணின் வீட்டுக்குள்ளும் மனசுக்குள்ளும் அரசு இறங்கியது என்பதைப் படித்தபோது, வழக்கு என்பது இந்த வலையில் ஒரு கண்ணி மட்டும்தான் என்று எனக்குப் புரிந்தது.

இந்த வழக்கத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர்: சட்டப் பேராசிரியர் ஜார்ஜ் பிரிங், சமூகவியலாளர் பெனலோப் கேனன். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசியதற்காகவும், அதிகாரிக்கு மனுப் போட்டதற்காகவும் வழக்கில் மாட்டிய சாமானியர்களை எண்பதுகளில் அவர்கள் ஆராய்ந்தார்கள். பொதுமக்கள் பங்கேற்பை முடக்கும் இத்தகைய வழக்குகளை ‘ஸ்லாப்’ வழக்குகள் என்றார்கள். 1992இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. பொது விஷயத்தைப் பேசியதற்காக வழக்கு வந்தால், ஆரம்பத்திலேயே அதைத் தள்ளுபடி செய்யப் பிரதிவாதி மனுப் போடலாம். ஜெயிக்க முகாந்திரம் உண்டு என்று வாதி அப்போதே காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பிரதிவாதியின் வக்கீல் செலவை வாதி கட்ட வேண்டும். மால்டாவில் பத்திரிகையாளர் டாப்னே கருவானா கலிசியா 2017இல் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர் மீது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவர் போன பிறகும் சிவில் வழக்குகள் குடும்பத்தின் தலையில் விழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதிகளை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நம் பக்கம் திரும்பினால், ஸ்டீலும் மாரிஸும் கோர்ட்டில் ஏறிய அதே 1994இல், அக்டோபர் 7ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் பெரிய தீர்ப்பைத் தந்தது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்ற விவகாரம் அது. வெளிவருவதற்கு முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்றும், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் மான நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்றும் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை டர்பிஷயர் வழக்கில் இதையே சொன்னதையும் எடுத்துக் காட்டினார். அதே டர்பிஷயர் தீர்ப்பைத்தான் ஸ்டீலும் மாரிஸும் தங்களுக்காக வாதாடினார்கள்: அரசைப்போல வலிமை பெற்ற நிறுவனத்துக்கும் அந்தத் தடை பொருந்த வேண்டும் என்று. இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

சிவில் கதவை நம் நீதிமன்றம் அரசுக்கு அடைத்தாலும் கிரிமினல் கதவு திறந்தே இருந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500ஆம் பிரிவுகள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இரண்டு வருடம் வரை சிறை. சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். அமைச்சரின் கடமை பற்றி எழுதியதற்கு அரசு வழக்கறிஞரே புகார் போடலாம். செலவு மக்களின் வரிப்பணம். 2011க்கும் 2016க்கும் இடையில் தமிழ்நாடு அரசு இப்படி 200க்கும் மேற்பட்ட வழக்குகளைப் போட்டிருந்தது. கிரிமினல் அவதூறு செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பத்திரிகைகள் மீது அரசு தொடுத்த வழக்குகளில் பலவற்றை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தார்.

நிறுவனங்கள் தொடுக்கும் வழக்குகளிலும் நல்ல தீர்ப்புகள் உண்டு. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று சர்வதேச கிரீன்பீஸ் அமைப்பு ஒரு கணினி விளையாட்டு வெளியிட்டபோது, டாடா 10 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்தார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் ஸ்லாப் பற்றிப் பேசி, விசாரணைக்கு முன்பே தடை விதிப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. ஆனால் கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. நல்ல தீர்ப்பு வேண்டுமென்றால் டெல்லிக்கோ சென்னைக்கோ போய் வாதாடத் தெம்பு வேண்டும். மேலூரில், உசிலம்பட்டியில் மனுப் போட்டவருக்கு அந்தத் தெம்பு ஏது?

ஸ்டீலையும் மாரிஸையும் நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர்களைப்போல எல்லோரும் நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. வாழ்வின் நல்ல வருடங்களை 40,000 பக்கங்களுக்குக் கொடுத்தால்தான் உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்த உரிமை பெயருக்குத்தான் இருக்கிறது. சட்டம் எழுதப்பட வேண்டியது வருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அந்த மூன்று பேருக்காக. எங்கள் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக. டவாலி முதல் வாய்தாவில் பெயர் கூப்பிட்டதும், நீதிபதி வாதியைப் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இவர் பேசியது பொது விஷயமா, அது பொய் என்று காட்ட உன்னிடம் என்ன இருக்கிறது, இல்லையென்றால் இவருடைய செலவை இன்றே கட்டுகிறாயா? இந்த மூன்று கேள்வியைச் சட்டமாக்க வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மனுப் போடுவோம். மனுப் போடும் உரிமையைக் காக்க நம் கையில் இருக்கும் முதல் கருவியும் மனுதான்.